சிறுநீர் எரிச்சல்: லேப் மேசையிலிருந்து ஒரு வழிகாட்டி

சிறுநீர் மாதிரி டப்பாவை என் மேசையில் வைக்கும்போது பலர் குரலைத் தாழ்த்தி, "நான் தினமும் சுத்தமாகத்தான் கழுவுகிறேன்" என்பார்கள். நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். எரிகிறது என்றால் தங்கள் சுத்தத்தில்தான் ஏதோ குறை என்று அவர்களாகவே முடிவுகட்டி, அந்தக் கூச்சத்தையும் சுமந்துகொண்டு வந்திருப்பார்கள்.

அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீர்க்கடுப்பு வந்தவர் அழுக்கானவர் அல்ல. நம் எல்லோர் குடலிலும் தொல்லை தராமல் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதுதான் பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு அந்தக் குழாயின் வாய் ஆசனவாய்க்கு மிக அருகில் வேறு இருக்கிறது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது. உடலின் அமைப்பே அப்படி. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

கூச்சத்தால் வரும் கெடுதல் இரண்டு. ஒன்று, யாரிடமும் சொல்லாமல் நாளைக் கடத்துவது. இன்னொன்று, சோப்பையும் ஆன்டிசெப்டிக் திரவத்தையும் போட்டுத் தேய்த்துக் கழுவுவது. இரண்டாவதைச் செய்பவர்களுக்குத் தொற்றே இல்லாமல் கூட எரிச்சல் வந்துவிடுகிறது.

எந்த இடத்தில் எரிகிறது?

மருந்தைத் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் உடலைக் கவனியுங்கள். எரிச்சல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தால், சிறுநீர் வரும்போது உட்குழாயிலேயே சுரீர் என்று இருக்கும். போய் வந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். போனால் சில சொட்டுதான் வரும். வந்தால் அடக்க முடியாது. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு மேலே ஒரு கனமான வலி இருக்கும். சிறுநீர் கலங்கி, சில சமயம் லேசாக ரத்தம் கலந்து வரலாம். இவை திடீரென ஒன்றாகச் சேர்ந்து வந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லையென்றால் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வெளித்தோலில் எரிந்தால் கதை வேறு. சிறுநீர் உள்ளே வரும்போது ஒன்றும் தெரியாது. வெளியே வந்து தோலில் பட்டதும் எரியும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் இருக்கலாம். தயிர்த் திப்பி போல வெள்ளைப்பட்டு அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற பாலியல் தொற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் நீர்க்கடுப்பு மாத்திரை வேலை செய்யாது. பூஞ்சையாக இருந்தால் ஆன்டிபயாடிக் அதை இன்னும் வளர்த்துவிடும், ஏனென்றால் பூஞ்சையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பாக்டீரியாவையும் அந்த மாத்திரை கொன்றுவிடுகிறது.

மாதவிடாய் நின்ற பிறகு வருகிற எரிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்க்குழாயின் உட்சுவரும் மெலிந்து உலர்ந்துபோகின்றன. சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றும் வளராது, ஆனால் எரியும். இந்த வயதுப் பெண்கள் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக் களைத்து வருவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். பலருக்கு வேண்டியிருப்பது உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து. அது தங்களுக்கு ஒத்துவருமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்பதே சரியான அடுத்த படி. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருவதையும் அந்த மருந்து குறைக்கிறது.

புதிய துணையுடன் பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பிறகு எரிச்சல் தொடங்கியிருந்தால் அதை மறைக்காதீர்கள். கிளமிடியா, கொனோரியா என்ற பாலியல் தொற்றுகள் இரண்டும் சிறுநீர் எரிச்சலாகவே தொடங்கலாம். வழக்கமான யூரின் கல்ச்சரில் இவை பிடிபடாது. தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். துணைக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை.

காத்திருக்கக் கூடாத நேரம்

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலி, வாந்தி. இவற்றில் ஏதாவது எரிச்சலோடு சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள், இரவாக இருந்தாலும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள், சிறுநீர் வடிய ரப்பர் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருப்பவர்கள் ஆகியோர் காய்ச்சல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். எரிச்சல் தொடங்கியதுமே போய்விடலாம். சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினால் அது அவசரம்.

இன்னொன்று: வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் நிம்மதி அடையாதீர்கள். ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்டிவிட வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள் நிச்சயம் காட்ட வேண்டும், ஏனென்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி சில சமயம் இதுதான். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறமாக்கும், பி2 வைட்டமின் பளிச்சென்ற மஞ்சளாக்கும். இவை எதுவும் சாப்பிடாதபோது நிறம் மாறினால் டெஸ்ட் செய்து பாருங்கள்.

மாதிரியைச் சரியாகப் பிடிப்பது

என் வேலை இது என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். தவறாகப் பிடித்த மாதிரியால் தேவையில்லாத மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. இதை யாரும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முடிந்தால் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். இரவு முழுக்கச் சிறுநீர்ப்பையில் தங்கியதால் அதில் பாக்டீரியா தெளிவாகத் தெரியும். எரிச்சல் தாங்காமல் அடிக்கடி போகிறவர்கள் அதற்காக அடக்கிவைக்க வேண்டாம். எப்போது வருகிறதோ அப்போது பிடித்தால் போதும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள். மூடியின் உட்புறத்தையும் டப்பாவின் விளிம்பையும் தொடக்கூடாது. மூடியைக் கவிழ்த்து வைக்காமல் உட்புறம் மேலே பார்க்கும்படி வையுங்கள். பெண்கள் வெளி இதழ்களை ஒரு கையின் இரு விரல்களால் விலக்கிப் பிடித்து, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவிவிட்டு, விலக்கிய நிலையிலேயே சிறுநீர் கழிக்க வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்கு இழுத்து நுனியைக் கழுவிக்கொள்ள வேண்டும். முதலில் வரும் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடுங்கள். குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் தோல் பாக்டீரியாவை அது அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு, சிறுநீரை நிறுத்தாமலே டப்பாவை இடையில் நீட்டிப் பாதிக்கு மேல் பிடியுங்கள். கடைசியில் வருவதும் வெளியேதான் போக வேண்டும். இதைத்தான் நடுத்தாரை மாதிரி என்கிறோம். மாதவிடாய் நேரமாக இருந்தால் தயங்காமல் லேபில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ரிப்போர்ட்டில் வருகிற ரத்த அணுக்கள் வீண் குழப்பத்தை உண்டாக்கும்.

பிடித்த மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பது நல்லது. ஈ.கோலை உகந்த சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக்கூடியது. வெதுவெதுப்பான அறையில் அரை நாள் கிடந்த டப்பாவில் தோலிலிருந்து வந்த நான்கு பாக்டீரியாவும் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். நேரமாகும் என்றால் மூடியை இறுக்கி, ஒரு பைக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசரில் வைக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். விழுங்கிவிட்டு வந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். திட்டமாட்டோம், ரிப்போர்ட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

சாதாரண யூரின் டெஸ்டில் பஸ் செல்ஸ் என்று இருப்பது வெள்ளையணுக்கள். பெரும்பாலான லேப்கள் 5 வரை இயல்பு என்று போடுகின்றன. அதைவிட அதிகமாக இருந்தால் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். தொற்றுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே எபிதீலியல் செல்ஸ் நிறைய இருந்தால், தோலின் செல்கள் மாதிரியில் கலந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது திரும்ப ஒரு முறை பிடித்துக் கொடுப்பதே நல்லது. நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் பாக்டீரியா இருப்பதற்கு நல்ல ஆதாரம். நெகட்டிவ் என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. சில பாக்டீரியா நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை, அடிக்கடி சிறுநீர் கழிப்பவர்களிடம் அது சேருவதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

கல்ச்சர் முடிவு வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 பாக்டீரியா என்ற எண்ணைப் பலரும் எல்லைக்கோடாக நினைக்கிறார்கள். 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த அளவு அது. எரிச்சலும் அவசரமும் தெளிவாக உள்ள பெண்களிடம் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் உண்மையான தொற்றாக இருக்கலாம். மறுபக்கம், எந்த உபாதையும் இல்லாத ஒருவரின் சிறுநீரில் 1,00,000-க்கு மேல் வளர்ந்தாலும் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப்பாதையில் சில சிகிச்சைகள் செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு. வயதானவர்கள் விஷயத்தில் இதை நினைவில் வையுங்கள்: சிறுநீர் வாடை அடிக்கிறது, கலங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை.

மருந்தும் அதுவரை தாங்குவதும்

எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பெரும்பாலும் சில நாள் மருந்தே போதும். ஒரே வேளை பொடியாகக் கரைத்துக் குடிக்கும் மருந்தும் உண்டு. இரண்டாம் நாளே எரிச்சல் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்தும் வைக்காதீர்கள். 48 மணி நேரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மறுபடி போய்ப் பாருங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்வது நன்றாக இதமளிக்கும். பாராசிட்டமால் போடலாம். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் சிரப்புகள் சிலருக்கு ஆறுதல் தரும், ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் அவற்றைக் குடிக்கக் கூடாது. அந்த மருந்து புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த சிரப்பைத் தொட வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் குடியுங்கள். எரியும் என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரியும்.

கழுவுவது எப்படி

பெண்களுக்கு வெளியே தெரியும் பகுதி வேறு, உள்ளே போகும் யோனிக் குழாய் வேறு. கழுவ வேண்டியது வெளிப்பகுதியை மட்டும்தான். உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அமிலத்தன்மையை 3.8-க்கும் 4.5-க்கும் இடைப்பட்ட பிஹெச் அளவில் வைத்திருக்கிறது (பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). 1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்தார். சாதாரண சோப்பின் பிஹெச் 9 அல்லது 10. அதை உள்ளே விட்டுக் கழுவினால் காவலுக்கு இருக்கும் பாக்டீரியா அழிந்து, வேண்டாதவை குடியேறுகின்றன. வாடை போக வேண்டும் என்று கழுவி, அதனாலேயே வாடை கூடி, இன்னும் கழுவுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிறுத்துங்கள். சில நாள் வெறும் தண்ணீர் மட்டும் போதும். அதற்குப் பிறகும் வாடை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீரில், கை விரல்களால் மடிப்புகளை மெதுவாகக் கழுவினால் போதும். சோப்பு வேண்டும் என்றால் வாசனையில்லாத மென்மையான ஒன்றை வெளிப்பகுதியில் மட்டும் போட்டு நன்றாக அலசிவிடுங்கள். நார், பிரஷ் எதுவும் வேண்டாம். ஆன்டிசெப்டிக் திரவத்தைத் தண்ணீரில் கலந்துகூட ஊற்றக்கூடாது. இன்டிமேட் வாஷ் என்று விற்பவை கட்டாயத் தேவையில்லை. வாசனை டிஷ்யூ, பவுடர், ஸ்பிரே மூன்றையும் தவிர்த்தால் வெளித்தோல் எரிச்சல்களில் கணிசமானவை தானாக விலகும். கழுவியபின் ஒற்றித் துடைத்து ஈரம் போக்குங்கள்.

மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவவும் துடைக்கவும் வேண்டும். தண்ணீரைப் பீச்சிக் கழுவுகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் பின்னோக்கிப் போகுமாறு பிடியுங்கள். பின்னாலிருந்து முன்னோக்கிப் பீச்சினால் வேண்டாததை நாமே சிறுநீர்க்குழாயின் வாய்க்குக் கொண்டு சேர்க்கிறோம். மாதவிடாயின்போது பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாம்பூன் 8 மணி நேரத்தையும், கப் 12 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது. முடியை மழிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வரும், அவையும் எரியும். கத்தரியால் ஒட்ட நறுக்கிக்கொள்ளலாம். உள்ளாடை பருத்தியாக, இறுக்கமில்லாமல் இருக்கட்டும். துவைத்த சோப்பு அதில் தங்காமல் அலசுங்கள். வியர்வையில் நனைந்ததை உடனே மாற்றுங்கள்.

ஆண்கள் முன்தோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, தண்ணீரால் கழுவி, துடைத்து, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு பையன்களுக்குத் தோல் தானாகப் பிரியும் வரை யாரும் வலிந்து இழுக்கக்கூடாது. அதில் உண்டாகும் காயம் தழும்பாகி, பின்னாளில் தோல் இறுகிவிடும். சிறுமிகளுக்குக் குளியல் நுரைத் திரவங்கள் எரிச்சல் தரும். மலச்சிக்கல் உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதாக வரும் என்பதால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அடிக்கடி வருகிறவர்களுக்கு

ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் அது மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்ற வகையில் சேரும். காரணத்தைத் தேடுங்கள். தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாக நீராகாரம் குடித்துவந்த, இந்தத் தொற்று அடிக்கடி வந்துகொண்டிருந்த 140 பெண்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செலவில்லாத வழி இது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரை மணிக்கணக்கில் அடக்காதீர்கள். வேலை இடத்தில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். உடலுறவுக்குப் பிறகு தொற்று வருவதாகக் கவனித்திருந்தால், முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுங்கள். உறுதியான ஆதாரம் குறைவு, ஆனால் கெடுதல் இல்லை. விந்தணுவை அழிக்கும் ஜெல் அல்லது அது தடவிய ஆணுறை பயன்படுத்துபவர்களுக்குத் தொற்று அதிகம் வருகிறது, எனவே வேறு முறைக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள். கிரான்பெர்ரி தொற்றைக் குணப்படுத்தாது. அடிக்கடி வரும் பெண்களுக்கு அடுத்தது வருவதை ஓரளவு தடுக்கலாம். சர்க்கரை அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை நீரிழிவு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவது சகஜம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி வரிசையில் ஒரு உறையில் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். சென்ற முறை எந்தக் கிருமி வந்தது, எந்த மருந்துக்கு நேரே 'ஆர்' என்று போட்டிருந்தது, அதாவது எந்த மருந்து அதனிடம் தோற்றது என்று மருத்துவர் பார்க்க முடிந்தால், புதிய கல்ச்சர் வரும் வரையிலான அந்த இரண்டு நாளுக்கும் பலிக்கக்கூடிய மருந்தையே அவர் எழுதித் தரலாம்.